மகிழ்ச்சிக்காகப் படித்தல்

நம் வீடுகளில் மாலை வேளைகளில் அடிக்கடி கேட்கும் சொற்றொடர் ஒன்றுண்டு. "கதைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் படி" என்பது அது. சொல்லும் தாய் தந்தையர்க்கு அதில் முரண்பாடு எதுவும் தோன்றுவதில்லை. கேட்கும் பிள்ளைக்கும் தோன்றுவதில்லை. கையில் நூல் இருக்கிறது. கண்கள் வரிகளின்மேல் செல்கின்றன. மனம் முழுவதும் அதில் தோய்ந்திருக்கிறது. ஆயினும் அது படிப்பன்று என்று எல்லோரும் உடன்பட்டுவிடுகின்றனர். தமிழில் 'படி' என்னும் சொல் நூலை வாசிப்பதையும் குறிக்கும். பாடம் கற்பதையும் குறிக்கும். காலப்போக்கில் இரண்டாவது பொருள் முதலாவது பொருளை வீட்டைவிட்டே வெளியேற்றிவிட்டது.

இந்த வெளியேற்றத்தால் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் இழந்தது என்ன, அதை மீட்கப் பள்ளியும் வீடும் செய்யத்தக்கது என்ன என்பதைப் பற்றியே இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வகுப்பறையில் கண்டவற்றையும், கற்றவற்றுள் பயன்பட்டவற்றையும் மட்டுமே சொல்லுவேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். மகிழ்ச்சிக்காகப் படித்தல் என்றால் கதை படித்தல் என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது. தானே தேர்ந்தெடுத்த நூலை, தன் விருப்பத்தால், பிறர் வினாவுக்கு விடை சொல்லவேண்டிய கடமையின்றிப் படிப்பதே அது. அந்நூல் துப்பறியும் கதையாகவும் இருக்கலாம். விண்மீன்களைப் பற்றியதாகவும் இருக்கலாம். விளையாட்டு வீரர் ஒருவரின் வரலாறாகவும் இருக்கலாம். நூலின் வகை இங்கே முதன்மையன்று; படிப்பவரின் விருப்பமே முதன்மை.

ஆறாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் கவனித்திருக்கிறேன். படம் போட்ட கதை நூல் ஒன்றை மேசைமேல் வைத்தால், அதற்காக ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஓடிவருவார்கள். அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது, நூலைக் கண்டதும் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "ஐயா, இது தேர்வுக்கு வருமா?" என்பதே. வராது என்றால் நூலை வைத்துவிடுவார்கள். வரும் என்றால் வினா விடைகளை மட்டும் கேட்பார்கள். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் அவர்களுக்கு நேர்ந்தது என்ன? படித்ததற்கெல்லாம் கணக்குக் கேட்கப்படும் என்பதை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். பள்ளி கற்பித்த பாடங்களுள் அவர்கள் மறவாமல் மனத்தில் இருத்திக்கொண்ட பாடம் அதுதான்.

பழங்காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. எழுத்தறிந்தவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து பாரதக் கதையையோ, பெரிய எழுத்தில் அச்சிட்ட விக்கிரமாதித்தன் கதையையோ உரக்கப் படிப்பார். எழுத்தறியாதவர் பலர் சுற்றியிருந்து கேட்பர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தபோது, அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்துத் தைத்து வைத்த குடும்பங்கள் பல. அப்படிப் படித்தவரையும் கேட்டவரையும், ஆசிரியர் கூறவந்த கருத்து யாது, பத்து வரிகளில் எழுதுக என்று எவரும் கேட்கவில்லை.

இதனால் அக்காலமே பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றவர் நூற்றுக்கு 18 பேர் அளவினரே. 2011இல் அத்தொகை 74ஐ நெருங்கியது. தமிழ்நாட்டில் 80ஐ எட்டியது. படிக்க வல்லவர் தொகை இவ்வாறு பெருகியிருக்க, விரும்பிப் படிப்பவர் தொகையும் அதே அளவில் பெருகவேண்டும் அல்லவா? எழுத்தைக் கற்பித்த பள்ளிதான், அந்த எழுத்தால் அடையத்தக்க இன்பத்தையும் காட்டியிருக்க வேண்டும்.

பாடத்திட்டம் வகுத்த முன்னோர் இதை அறியாதவர் அல்லர். செய்யுளும் உரைநடையும் ஆழ்ந்து கற்பதற்கு உரியவை. அவற்றுக்குப் புறம்பாக, விரைந்து படித்து மகிழ்வதற்கென்றே துணைப்பாட நூல் என்று ஒன்றை வைத்தனர். இன்று விரிவானம் என்று வழங்கும் பகுதி அதன் வழிவந்ததே. சொல்லுக்குச் சொல் பொருள் உரைக்காமல், கதையோட்டத்தில் மாணாக்கரை இழுத்துச் செல்வதே அதன் நோக்கம். ஆனால் அதற்கும் தேர்வில் மதிப்பெண் உண்டு. மதிப்பெண் இருந்தமையால் வினா வந்தது. வினா வந்தமையால் விடைநூல் வந்தது. விடைநூல் வந்தபின் கதையைப் படிக்கவேண்டிய தேவையே இல்லாது போயிற்று. கதையை ஒருமுறையும் படிக்காமல், அதன் சுருக்கத்தைப் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணாக்கர் எத்தனையோ பேரை நான் அறிவேன். அவர்கள்மேல் குற்றமில்லை. கேட்டதைத்தான் அவர்கள் கொடுத்தார்கள்.

ஆகவே, மகிழ்ச்சிக்காகப் படிக்கும் பழக்கத்தைப் பள்ளியில் வளர்க்க வேண்டுமானால், கணக்குக் கேளாத ஒரு சிறு நேரத்தைப் பள்ளியே ஒதுக்கித் தரவேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று. ஜப்பான் நாட்டில் இது நடந்திருக்கிறது. அங்கே சிபா மாவட்டத்து ஃபுனபாஷி நகரில் இருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், ஹயாஷி ஹிரோஷி என்னும் ஆசிரியர் தம் உடன் ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து, 1988இல் காலை வாசிப்பு என்னும் முறையைத் தொடங்கினார். நாள்தோறும் பாடங்கள் தொடங்குமுன் பத்து நிமிடம் எல்லோரும் படிக்கவேண்டும், அவ்வளவே. அந்த வழக்கம் பள்ளிக்குப் பள்ளி பரவி, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை எட்டியது.

அம்முறைக்கு விதிகள் நான்கே. எல்லோரும் படிக்கவேண்டும், நாள்தோறும் படிக்கவேண்டும், விரும்பிய நூலைப் படிக்கலாம், படித்தால் மட்டும் போதும். இந்நான்கும் எளியனவாகத் தோன்றினும், ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. எல்லோரும் என்றதில் ஆசிரியரும் அடங்குவர். தாம் படிக்காமல் படிக்கச் சொல்லும் ஆசிரியரை மாணாக்கர் நம்புவதில்லை. நாள்தோறும் என்றது, வாரத்திற்கு ஒருமுறை ஒரு மணி நேரம் படிப்பதைக் காட்டிலும் நாளும் பத்து நிமிடம் படிப்பதே பழக்கமாகும் என்பதனால். விரும்பிய நூல் என்றது, பிறர் சுமத்திய நூல் பாடநூலாகிவிடும் என்பதனால். படித்தால் மட்டும் போதும் என்றதே நான்கினுள்ளும் தலையாயது. சுருக்கம் எழுத வேண்டா, அறிக்கை தர வேண்டா, மதிப்பெண் இல்லை. இந்த நான்காம் விதியை மீறினால் மற்ற மூன்றும் பயனற்றுப் போகும்.

பாடங்களை முடிக்கவே நேரம் போதாதபோது இதற்கு நேரம் ஏது என்று ஆசிரியர் கேட்பது நியாயமே. கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 200 வேலைநாள் என்று கொண்டால், நாளுக்குப் 10 நிமிடம் 2000 நிமிடமாகும். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும் மாணவன்கூட 1000 பக்கங்களைப் படித்துவிடுவான். அது 150 பக்க நூல்கள் ஆறுக்கு மேலாகும். பாடநூலைத் தவிர ஒரு நூலையும் தொடாமல் பள்ளியை விட்டுச் செல்லும் பிள்ளைக்கு, ஆண்டுக்கு ஆறு நூல் என்பது சிறிய செல்வமன்று.

அடுத்த கேள்வி, நூல்களுக்கு எங்கே போவது என்பது. பெரும்பாலான பள்ளிகளில் நூல்கள் இருக்கின்றன. அவை பூட்டிய பீரோவுக்குள் இருக்கின்றன. பொறுப்பாசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. நூல் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் குறை காணும்; தணிக்கையில் கேள்வி வரும்; சில வேளைகளில் அவர் தம் கைப்பணத்தைக் கட்டவும் நேரும். பூட்டி வைத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. இந்த அச்சத்தை நீக்கும் பொறுப்புத் தலைமையாசிரியருடையது. நூல் படிப்பவர் கையில் தேய்வதும் கிழிவதும் அதன் இயல்பு என்பதை அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் துணையோடு ஆண்டுதோறும் புதிய நூல்களால் அக்குறையை நிறைவு செய்யலாம். நான் தலைமை வகித்த பள்ளியில் பீரோவைத் திறந்து நூல்களை நீண்ட மேசைகளில் பரப்பிவைத்தோம். ஆண்டின் இறுதியில் பத்துப் பன்னிரண்டு நூல்கள் திரும்பவில்லை. அவற்றுள் பல துப்பறியும் கதைகள். எந்த நூல்களை மீண்டும் வாங்கவேண்டும் என்பதை அவையே எங்களுக்கு அறிவித்தன.

நூல்களை மறைவின்றி வைக்கும் இக்கொள்கையைத் தமிழ்நாட்டுக்கு உணர்த்தியவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றுக் கணிதம் கற்பித்துவந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். படிப்பவரே அடுக்குகளுக்கிடையே சென்று நூலை எடுத்துப் பார்க்கும் திறந்த அடுக்கு முறையை அங்கே புகுத்தினார். 1931இல் வெளிவந்த அவருடைய நூல், நூலக இயலின் ஐந்து விதிகளை வகுத்தது. நூல்கள் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் உண்டு என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பது மூன்றாவது. நூலை விரும்பாத மாணவன் எவனும் இல்லை. தனக்குரிய நூலை இன்னும் காணாத மாணவனே உண்டு என்பதை அந்த இரண்டாம் விதியிலிருந்தே நான் கற்றேன்.

அவர் போன்றோரின் முயற்சியால் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வாங்கப்படுகிறது. ஆதலால் ஊரிலுள்ள கிளை நூலகம் நமக்கு எவரும் தரும் கொடையன்று. நாமே வளர்க்கும் சொத்து. ஒன்பதாம் வகுப்பு மாணாக்கரை ஒரு நாள் மாலை அங்கே அழைத்துச் சென்று, நூலகரை அறிமுகம் செய்து, ஒவ்வொருவரையும் உறுப்பினராக்கிவிட்டால், நூற்றுக்கணக்கான நூல்கள் அன்றே பள்ளிக்குக் கிடைத்தமாதிரி ஆகும்.

இனி, எத்தகைய நூல்களைப் படிக்க விடுவது? இவ்விடத்தில் ஆசிரியரும் பெற்றோரும் பொறுமை காக்கவேண்டும். தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளில் தொடங்கி, பின்னர்ப் பெருநூல்களை நாடிச் சென்றவர் என் தலைமுறையில் மிகப்பலர். சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைத் தேடித் தேடிப் படித்தவரும் அப்படியே. மாடிக்குச் செல்பவர் முதற்படியில் கால் வைத்தே ஆகவேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஐந்து பாகமுள்ள நாவலைத் திணித்து, இதுவன்றோ இலக்கியம் என்பது, நீந்தத் தெரியாதவனை ஆற்றில் தள்ளுவதற்கு ஒப்பாகும்.

பள்ளி ஆசிரியராக இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக், 1992இல் வெளியிட்ட நூலொன்றில் படிப்பவரின் உரிமைகள் பத்து என்று வகுத்தார். படிக்காதிருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டிச் செல்லும் உரிமை, நூலை முடிக்காமல் விடும் உரிமை, படித்ததையே மீண்டும் படிக்கும் உரிமை ஆகியவை அவற்றுட் சில. கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். ஆனால் நூல்களோடு பழகிய பெரியவர் எல்லோரும் இவ்வுரிமைகளை நாள்தோறும் பயன்படுத்துகிறோம். பிடிக்காத நூலை இருபது பக்கத்தில் வைத்துவிடுகிறோம். பதினான்கு வயதுப் பிள்ளை அவ்வாறு செய்தால் மட்டும், எடுத்ததை முடிக்கும் பழக்கம் இல்லை என்று கடிந்துகொள்கிறோம்.

விருப்பத்தை எழுப்புவதற்கு ஆசிரியரிடம் உள்ள சிறந்த கருவி அவருடைய குரல். உயர்நிலை வகுப்பினர்க்குக் கதை படித்துக் காட்டுவது சிறுபிள்ளைத்தனம் என்று பலர் எண்ணுகின்றனர். நான் அவ்வாறு எண்ணியதில்லை. கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' என்னும் சிறுகதையை ஒன்பதாம் வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுவது என் வழக்கம். நூல்களை நாடி ஒருவர் வீட்டுக்கு ஓடிவரும் குழந்தைகளைப் பற்றிய கதை அது. முடிவு வந்ததும் விளக்கம் ஒன்றும் சொல்லாமல் நூலை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே செல்லுவேன். மறுநாள் ஒருவராவது வந்து, "ஐயா, இவர் எழுதிய வேறு கதை இருக்கிறதா?" என்று கேளாத ஆண்டில்லை. நீதி யாது என்று நான் கேட்டிருந்தால், அந்தக் கேள்வி பிறந்திராது.

இங்கே மறைக்கக்கூடாத உண்மை ஒன்றையும் சொல்லவேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டியே படிக்கும் பிள்ளைகள் உண்டு. ஒவ்வொரு வரியும் மலையேற்றமாக இருப்பவர்க்கு இன்பம் எங்கிருந்து வரும்? அவர்களுக்குச் சிறுவர் நூலே ஏற்றது; ஆனால் அதைக் கொடுத்தால் நாணம் அவர்களைத் தின்றுவிடும். இதற்கு ஒரு வழி கண்டோம். "அருகிலுள்ள தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிதோறும் கதை படித்துக் காட்டவேண்டும், நீ போகிறாயா?" என்று கேட்டோம். சிறியவர்க்குப் படித்துக் காட்டுவதற்காக அவர்கள் அந்த எளிய நூலை வீட்டில் பலமுறை படித்துப் பழகினார்கள். அண்ணா என்றும் அக்கா என்றும் அழைத்துச் சூழ்ந்துகொள்ளும் குழந்தைகளுக்கு முன் அவர்கள் தலைநிமிர்ந்து படித்ததை நான் கண்டிருக்கிறேன்.

கைப்பேசியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நேயர்கள் நிறைவடைய மாட்டார்கள். அது மாணாக்கரின் நேரத்தைப் பெரிதும் விழுங்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நோய் முழுவதும் அதனால் வந்ததன்று; கைப்பேசி வருமுன்பே பீரோக்கள் பூட்டியிருந்தன; துணைப்பாடங்களுக்கு விடைநூல்கள் விற்றன. மேலும், 'பொன்னியின் செல்வன்' 2022இல் திரைப்படமாக வந்தபோது, மீதிக் கதை என்னவென்று அறிய நூலைக் கேட்டு வந்த பிள்ளைகள் உண்டு. ஆர்வம் எந்த வாயிலால் வந்தாலும், அப்போது நூல் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறதா என்பதே கேள்வி.

இறுதியாகப் பெற்றோரின் கவலை. பத்தாம் வகுப்புத் தேர்வு வருகிறது. இந்நேரத்தில் கதைப் புத்தகம் மதிப்பெண்ணைக் குறைக்காதா? 2009இல் பல நாடுகளில் 15 வயது மாணாக்கரிடையே நடந்த பீசா என்னும் ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. அதை நடத்திய அமைப்பின் உறுப்பு நாடுகளில், நூற்றுக்கு 37 மாணாக்கர் மகிழ்ச்சிக்காகப் படிப்பதே இல்லை என்றனர். நாள்தோறும் விரும்பிப் படித்தவர், படிக்காதவரைவிட வாசிப்புத் திறனில் உயர்ந்து நின்றனர். அந்த ஆய்வின் தொடர்ச்சியில் தமிழ்நாட்டு மாணாக்கரும் பங்குகொண்டனர். பட்டியலின் கடைசிப் பகுதியிலேயே நமக்கு இடம் கிடைத்தது. விரும்பிப் படித்ததால் திறன் வளர்ந்ததா, திறன் இருந்ததால் விரும்பிப் படித்தனரா என்பது ஆராய்தற்குரியது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பது என் பட்டறிவு. ஆனால் அடுத்த மாதத் தேர்வில் மதிப்பெண் கூடும் என்று நான் உறுதி கூறமாட்டேன். அவ்வாறு கூறினால், மகிழ்ச்சிக்காகப் படிப்பதையும் மதிப்பெண்ணுக்காகப் படிப்பதாக மாற்றிவிடுவேன்.

நான் கற்பித்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளியில் கால் வைத்தவர்கள். அவர்கள் வீட்டில் நாட்காட்டியைத் தவிர வேறு அச்செழுத்து இராது. பத்தாம் வகுப்போடு பனியன் ஆலைக்கோ, நூற்பாலைக்கோ, திருமணத்துக்கோ சென்றவர்கள் அவர்களுள் பலர். அவர்கள் நெட்டுருச் செய்த விடைகள் ஓராண்டுக்குள் மறந்துபோகும். பின்னர் அவர்களுக்கு எவரும் வினாத்தாள் தரப்போவதில்லை. வினாவுக்காக மட்டுமே நூலைத் திறக்கப் பழகியவர், வினா நின்ற நாளில் நூலையும் மூடிவிடுவார். விரும்பித் திறக்கப் பழகியவருக்கோ, வேலை முடிந்து திரும்பும் பேருந்திலும், பிள்ளை உறங்கிய பின்னிரவிலும், தனிமை வருத்தும் முதுமையிலும் அது துணைவரும். சொத்து வைத்துப் போக இயலாத குடும்பத்துப் பிள்ளைக்குப் பள்ளி தரக்கூடிய சொத்து இதுவொன்றே.

ஆசிரிய அன்பர்கள் நாளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நீங்களும் ஒரு நூலோடு அமருங்கள். தலைமையாசிரியர்கள் பீரோவின் சாவியைப் பொறுப்பாசிரியரிடமிருந்து வாங்கி, அதனால் வரும் இழப்பை உங்கள் தோளில் ஏற்றுக்கொள்ளுங்கள். பெற்றோர்கள், பிள்ளை ஒரு நூலில் தன்னை மறந்திருக்கக் கண்டால், அது என்ன நூல், எத்தனை பக்கம் ஆயிற்று என்று கேளாமல், விளக்கை மட்டும் சற்று அருகில் நகர்த்தி வையுங்கள். மற்றதை நூல் பார்த்துக்கொள்ளும்.